திருமலையிலிருந்து நுவரெலியா: ஏறும் வழிக்கு ஒரு முழுப் பகல்

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். கல்யாணம் முடிந்து எட்டு மாதம். இருவரும் மலைநாட்டுப் பக்கம் போனதே இல்லை. மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது, நுவரெலியா போக ஆசை. எந்த மாதம் நல்லது, வான் பிடிப்பதா, பஸ்ஸா, மோட்டார் சைக்கிளா, என்னென்ன பார்ப்பது, திரும்பும்போது மாமிக்கு என்ன வாங்குவது என்று கேட்டு, 14 இடங்கள் அடங்கிய பட்டியல் ஒன்றையும் அனுப்பியிருந்தார்.

தங்கச்சி, முதல் வேலையாக அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் வெட்டுங்கள். நான் திருமலையில் பிறந்து வளர்ந்தவன். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆறு வருடம் படிப்பித்தேன். லீவுக்கு வீட்டுக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் இந்த வழியால் ஏறி இறங்கியிருக்கிறேன், பிறகு மனைவியோடும் பலமுறை போயிருக்கிறேன். எங்கள் ஊர் ஆட்கள் செய்வதை இத்தனை வருடமாகப் பார்க்கிறேன். இரவு ஒன்பது பத்து மணிக்கு வான் ஏறுகிறார்கள், வழி முழுக்க நித்திரை, விடியற்காலை நுவரெலியாவில் கண் விழிக்கிறார்கள். வாவிக் கரையில் நாலு படம், ஸ்ட்ரோபெரி ஒரு பெட்டி, அடுத்த நாள் திரும்பல். வந்து கேட்டால் “குளிர்தான், வேறென்ன” என்பார்கள். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதியை இருட்டில் கடந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். திருமலையிலிருந்து நுவரெலியா ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று முக்கால்வாசித் தூரம் போன பிறகும் நீங்கள் ஏறியிருப்பது 500 மீற்றர் உயரம்தான். நுவரெலியா நகரம் இருப்பது 1,868 மீற்றரில். மிச்ச உயரம் முழுவதும் கம்பளைக்கு அப்பால், ஐம்பது அறுபது கிலோமீற்றருக்குள் வந்துவிடுகிறது. தென்னை போய்க் கறுவா, மிளகு, ரப்பர் வந்து, அதுவும் போய்த் தேயிலை வந்து, கடைசியில் சவுக்கும் பைன் மரமும் நிற்கும். காது அடைக்கும். ஜன்னல் கண்ணாடியைக் கை தானாக ஏற்றும். அதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான்: முதல் நாள் முழுவதையும் ஏறுவதற்கே கொடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நினைவிருக்கும், 2025 மே மாதம், றம்பொடைப் பக்கம் கரண்டிஎல்லவில் விடியும் நேரத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இரவெல்லாம் ஓடிவந்த பஸ் அது. அந்த வளைவுகளை நித்திரைக் கண்ணோடு கடக்கக் கூடாது.

சரி, எந்த மாதம்? இதில்தான் எங்கள் ஆட்கள் அடிக்கடி ஏமாறுவது. வைகாசியில் கச்சான் காற்று தொடங்கும், ஆனி ஆடியில் வீட்டுக்குள் இருக்க முடியாது, அப்போதுதான் குளிரான இடம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தக் கச்சான் எங்கிருந்து வருகிறது? தென்மேல் பருவக்காற்று ஈரத்தோடு வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி, வைத்திருந்த மழையையெல்லாம் அங்கே கொட்டிவிடுகிறது. ஈரம் போன காற்று கிழக்குப் பக்கம் இறங்க இறங்கச் சூடேறி, எங்கள் முற்றத்துக்கு அனலாக வந்து சேருகிறது. அதாவது இங்கே கச்சான் அடிக்கிற நாட்களில் அங்கே மழையும் மூட்டமும். வெக்கைக்குத் தப்பிப் போய் மூன்று நாளும் அறைக்குள் இருந்துவிட்டு வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இங்கும் மழை, அங்கும் மழை, மண்சரிவுப் பயமும் சேர்ந்துவிடும். ஏப்ரல் மாதம் அங்கே ‘சீசன்’. விக்டோரியா பூங்காவில் மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார் ஓட்டம் என்று ஊரே திருவிழாவாக இருக்கும். அறை வாடகை ஏறிவிடும், வாகனம் நகராது. இருவராக அமைதியாக இருக்கப் போகிறவர்களுக்கு அது பொருந்தாது. மாசி பிறந்ததிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை, அதாவது பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் கடைசி வரைதான் என் தெரிவு. வானம் தெளிவாக இருக்கும். இரவில் நன்றாகக் குளிரும். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல் மேல் வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கும், உருளைக்கிழங்குத் தோட்டக்காரருக்கு அது வயிற்றெரிச்சல், எங்களுக்கு அதிசயம்.

வாகனத்துக்கு வருவோம். மோட்டார் சைக்கிள் வேண்டாம். மாப்பிள்ளை நிலாவெளி வீதியில் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி, 200 கிலோமீற்றர் உட்கார்ந்து வந்த உடம்போடு, மழைத்தூறலில், மூட்டத்துக்குள் அந்த வளைவுகளில் ஏறுவது வேறு வேலை. வான் பிடிப்பதானால் மலையில் ஓடிப் பழகிய டிரைவரா என்று கேளுங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒருமுறை நாங்கள் பிடித்த வானை ஓட்டியவர் நல்ல மனிதர், ஆனால் சமதரையில் மட்டும் ஓடியவர். இறங்கும்போது முழு வழியும் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தார். லபுக்கலை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகுவது போல ஒரு மணம். பிரேக் மிதித்தால் உள்ளே போகிறது, வண்டி பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, மண்மேட்டுப் பக்கம் ஒதுக்கி எப்படியோ நிறுத்தினார். சக்கரம் ஆறும் வரை முக்கால் மணி நேரம் வீதியோரம் நின்றோம். மனைவி என் கையை விடவே இல்லை. மலையில் ஏறின கியரிலேதான் இறங்க வேண்டும், பிரேக் தொட்டுத் தொட்டு எடுப்பதற்கு மட்டும். உங்கள் டிரைவர் இரண்டாம் கியரில் இறங்கினால் “ஏன் இவ்வளவு மெதுவாக” என்று கேட்க வேண்டாம்.

பஸ்ஸும் நல்லதுதான், செலவும் குறைவு. திருமலையிலிருந்து கண்டிக்கு நேரடி பஸ் இருக்கிறது, கண்டியில் மாறி ஏறினால் நுவரெலியா. ரயில் ஆசை இருந்தால் கண்டியிலிருந்து நானு ஓயா வரை ஏறலாம், ஏறத்தாழ நாலு மணி நேரம். 1885இல் நானு ஓயா வரைக்கும் போட்டு முடித்த பாதை அது. நாவலப்பிட்டிக்குப் பிறகு ரயில் மூச்சு வாங்கி ஏறுவதைக் கேட்கவே போகலாம். நானு ஓயாவில் இறங்கினால் நகரம் எட்டு கிலோமீற்றர். ஆனால் 2025 நவம்பரில் வந்த டித்வா புயலில் மலைநாட்டுத் தண்டவாளம் பல இடங்களில் பெயர்ந்துபோனது. எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று விசாரித்த பிறகே திட்டம் போடுங்கள்.

முதல் நாள் காலை ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் விடியுமுன் யானை வீதிக்கு வரும், அங்கே வேகம் வேண்டாம், ஹோர்னும் வேண்டாம். காலைச் சாப்பாடு தம்புள்ளையில். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயிலில் கட்டாயம் இறங்குங்கள். வீதியோரத்திலேயே கோபுரம் தெரியும். கும்பிட்டுவிட்டு ஐந்து நிமிடம் வெளி வீதியில் உட்காருங்கள். நீங்கள் பார்க்கப் போகிற தேயிலை மலைகளை உண்டாக்கியவர்கள் வந்த வழி இதுதான். 1820களிலிருந்து தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாகக் கால்நடையாக மாத்தளைக்கு வந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 200 வருட நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து வந்தார்களே, அந்த நடை முடிந்ததும் இந்த ஊரில்தான்.

கண்டியில் நிற்க வேண்டாம். தலதா மாளிகையும் பேராதனைப் பூங்காவும் இன்னொரு பயணத்துக்கு. பேராதனையில் பாலம் கடக்கும்போது மட்டும் கீழே பாருங்கள், அது மகாவலி. மூதூருக்குப் போகும்போது கங்கைப் பாலத்தில் நாங்கள் கடக்கிற அதே ஆறு, கொட்டியாரக் குடாவில் எங்கள் கடலில் விழுகிற அதே தண்ணீர். 335 கிலோமீற்றர் ஓடி வருகிறது. இனி நீங்கள் ஏறப்போவது அதன் பிறந்த வீட்டுக்கு.

கம்பளையில் மதியச் சாப்பாடு. புசல்லாவை தாண்டினால் வலப்பக்கம் கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து தெரியும். றம்பொடையில் அனுமார் கோயில் ஒன்று மலைவிளிம்பில் நிற்கிறது, அங்கிருந்து பார்த்தால் அந்த நீர்த்தேக்கம் முழுவதும் கண்ணில் அடங்கும். கொஞ்சம் மேலே றம்பொடை நீர்வீழ்ச்சி, 109 மீற்றர். அதன் அடியில் நின்று முகத்தில் தெறிக்கிற தண்ணீரைத் துடைக்காமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தத் தண்ணீர் கொத்மலைக்கு இறங்கி, மகாவலியில் சேர்ந்து, மூதூர் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. டித்வா நேரம் மலையில் கொட்டிய மழைதான் மகாவலியால் வந்து மூதூர், வெருகல் பக்கம் வெள்ளமாக நின்றது. மலையகம் எங்கோ தூரத்து ஊர் என்று நாங்கள் நினைக்கிறோம். அங்கே விழுகிற மழையும் அங்கே மோதுகிற காற்றும் எங்கள் வாசலுக்குத்தான் வருகின்றன.

லபுக்கலைப் பக்கம் ஏறும்போது வீதியோரம் தேயிலைத் தொழிற்சாலைகள் வரும், ஒன்றில் உள்ளே போய்ப் பாருங்கள். வாட்டுகிற தட்டு, அரைக்கிற உருளை, புளிக்க வைக்கிற மேடை, உலர்த்துகிற அடுப்பு என்று கூட்டிப்போய்க் காட்டுவார்கள். நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைதான் மிஞ்சும். நின்று நின்று வந்தாலும் மாலை ஐந்து மணிக்குள் நகரத்துக்குள் இருக்க வேண்டும். பிந்தினால் மூட்டம் இறங்கிவிடும், முன்னால் போகிற வண்டியின் சிவப்பு வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே போக வேண்டி வரும்.

அறையைப் பற்றி ஒரு பேச்சு. சுடுதண்ணீர் நிச்சயமாக வருமா, கம்பளி எத்தனை தருவார்கள் என்று முன்கூட்டிக் கேளுங்கள். காட்சி தெரிகிற பெரிய ஜன்னலை விட இவை இரண்டும் முக்கியம். திருமலையில் ஜக்கெட் தேடி அலையாதீர்கள். நகரத்துக்குள்ளேயே வரிசையாகக் கடைகள், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய நல்ல ஜக்கெட்டுகள் மலிவாகக் கிடைக்கும். முழுக்கை உடுப்பு, காலுறை, தொப்பி கொண்டுபோனால் போதும். துவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், அங்கே ஈரம் காயாது.

முதல் நாள் இரவு ஒரு சின்ன விஷயம் நடக்கும். தலைக்கு வைக்கத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் திறப்பீர்கள், எண்ணெய் வராது. வெள்ளை மெழுகாக உறைந்து நிற்கும். எங்கள் ஊரில் பிறந்ததிலிருந்து தண்ணீராகவே பார்த்த எண்ணெய். என் மனைவி அந்தப் போத்தலை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் போத்தலை வைத்தோம், ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் கரைந்து, நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு மட்டும் மிதந்தது. நுவரெலியா எவ்வளவு உயரம் என்று எனக்கு அந்தப் போத்தல்தான் சொன்னது.

இரண்டாம் நாள் ஹோட்டன் சமவெளி. பட்டியலில் இதை மட்டும் வெட்ட விடமாட்டேன். ஆனால் நேரம் பிசகினால் எல்லாம் பிசகும். முதல் தடவை நாங்கள் ஆறுதலாகச் சாப்பிட்டு வெளிக்கிட்டு, உலக முடிவு என்கிற அந்த மலைவிளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம் காலடியில் இருக்கிறது, எங்களுக்குத் தெரிந்தது வெள்ளைச் சுவர் ஒன்று. வெயில் ஏறக் கீழேயிருக்கிற பள்ளத்தாக்கு சூடாகி, ஈரக் காற்று மலைச்சுவரைப் பிடித்து மேலே வந்து, விளிம்பில் குளிர்ந்து முகிலாகிவிடும். அது ஒன்பது, பத்து மணிக்கே தொடங்கிவிடுகிறது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி நடக்கும்போது மட்டும் “இன்னொருக்கால் வருவம்” என்றா. அடுத்த வருடம் போனோம். இருட்டோடு ஐந்து மணிக்கு அறையை விட்டு வெளிக்கிட்டு, பட்டிப்பொல வழியாக ஏறி, வாசல் திறந்ததும் உள்ளே போய்விட்டோம். புல்வெளியில் மரைக் கூட்டம் பனி ஒட்டிய முதுகோடு நின்றது. விளிம்புக்கு வந்தபோது ஒரு முகில் கூட இல்லை. கீழே தேயிலைத் தோட்டங்களும் ஊர்களும், அதற்கப்பால் தெற்குச் சமவெளியும் மங்கி மங்கிப் போய்க்கொண்டே இருந்தன. இருவரும் பேசவில்லை. அரை மணி நேரம் கழிய, கண் முன்னாலேயே கீழிருந்து வெள்ளை ஏறிவந்து ஒவ்வொரு ஊராக மூடியது.

சுற்று முழுவதும் ஒன்பது கிலோமீற்றர், மூன்று நாலு மணி நேரம். சறுக்காத சப்பாத்து வேண்டும், செருப்பு ஆகாது. பிஸ்கட், தண்ணீர் கொண்டுபோங்கள், பொலித்தீன் உறைகளை வாசலிலேயே எடுத்துவிடுவார்கள், கடதாசியில் சுற்றிக்கொள்ளுங்கள். வழியில் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி. மேலே காற்று மெல்லியது, சமதரையில் நடக்கிற வேகத்தில் நடந்தால் இளைக்கும். திரும்பும் வழியில் அம்பேவெலவில் பால் குடியுங்கள், அறைக்கு வந்து படுங்கள். பின்னேரம் கிரெகரி வாவிக் கரையில் நடக்கலாம். 1873இல் வெட்டிய வாவி. படகு, குதிரைச் சவாரி எல்லாம் இருக்கிறது. கடலோடு வளர்ந்த உங்களுக்குப் படகு அவ்வளவு பெரிதாகத் தெரியாது, கரையோர நடைதான் சுகம்.

மூன்றாம் நாள் காலை வெலிமடை வீதியில் ஐந்தாறு கிலோமீற்றர் போனால் சீதா எலிய அம்மன் கோயில். அசோகவனம் இதுதான் என்பது நம்பிக்கை. பக்கத்தில் அருவி, பாறையில் பாதம் போன்ற பள்ளங்கள். கோணேசர் கோயில் வாசலில் இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அவன் தாய்க்குக் கடன் செய்த இடமாகக் கேட்டவர்கள் நாங்கள். அதே கதையின் இன்னொரு முனையில், கை வைத்தால் விறைக்கிற தண்ணீருக்கு முன்னால் நிற்கும்போது மனம் என்னவோ செய்யும். அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ஹக்கல பூங்கா. காய்ச்சலுக்குக் கொயினா எடுக்கிற சிங்கோனா மரம் வளர்க்க 1861இல் தொடங்கிய தோட்டம். ஒரு மணி நேரம் போதும். பகல் பன்னிரண்டுக்கு முதல் இறங்கத் தொடங்கிவிடுங்கள். லீவு நாலு நாளாக நீளுமென்றால் இந்த அவசரம் தேவையில்லை, முடிந்தால் நீட்டுங்கள்.

வழியில் எங்காவது கொழுந்து நிறுக்கிற இடத்தைக் கண்டால் தள்ளி நின்று பாருங்கள். இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் வரிசையாக வந்து சாக்கைத் தராசில் கொளுவுவார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்லுவார், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொஞ்சம் கழிப்பார். அந்தக் கழிவைக் கேட்கும்போது அவர்கள் முகத்தைக் கவனித்திருக்கிறேன். விரல் நுனிகள் தேயிலைச் சாற்றில் கறுத்து வெடித்திருக்கும், எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. என் வகுப்புப் பிள்ளைகள் பலருக்குத் தாயின் கை என்றால் அந்த நிறம்தான். கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களை மறித்துப் படம் பிடிக்காதீர்கள், ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று அவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. சாப்பாட்டு நேரமென்றால் பேச்சுக் கொடுங்கள். திருமலை என்றதும் “கடல் பக்கமா, கோணேசர் கோயில் ஊரா” என்று கேட்பார்கள். அவர்கள் இருக்கிற வரிசை வீட்டுக்கு, லயத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். கோதுமை ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் தருவார்கள், காம்பரா சின்னது, உபசரிப்பு பெரியது. பிள்ளைகள் இருந்தால் கொப்பி, பென்சில் ஏதாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் வெட்டச் சொன்னவை: பிதுருதலாகலை உச்சி, கண்டி நகரம், எல்ல, வழியிலுள்ள மூன்று நீர்வீழ்ச்சிகள், பண்ணை என்று பெயர் போட்ட நாலு இடம். எல்ல மட்டும் தனியாக ஒரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் மழை பெய்கிறதா என்று மட்டும் பார்க்காமல், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். நுவரெலியா, கண்டி, மாத்தளை மூன்று மாவட்டங்களுக்கும் பார்க்க வேண்டும், வழி மூன்றாலும் போகிறது. சிவப்பு என்றால் அறைக்குக் கட்டிய முற்பணம் போனாலும் போகட்டும்.

மாமிக்கு என்ன வாங்குவது? ஸ்ட்ரோபெரி வேண்டாம், தம்புள்ளை வெக்கைக்கே கூழாகிவிடும். லீக்ஸ், கேரட், பீட்ரூட் இறங்கும் வழியில் வீதியோரம் வாங்குங்கள், கடதாசியில் சுற்றினால் வாடாது. கோவா பாரம், ஒன்று போதும். தேயிலை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நுவரெலியாத் தேயிலை நல்ல வாசம், ஆனால் சாயம் மெல்லியது. எங்கள் வீடுகளில் பால் ஊற்றிக் கடுமையாகக் குடிக்கிற தேத்தண்ணிக்கு அது சப்பென்று இருக்கும். மாமி வெறுந்தேத்தண்ணி குடிப்பவர் என்றால் இலை பெரிதான வகையில் கால் கிலோ வாங்குங்கள். பால் தேத்தண்ணி என்றால் கடைக்காரரிடம் சாயம் இறங்குகிற தூள் கேளுங்கள், கம்பளையிலேயே கிடைக்கும்.